வார்ம் மிக்ஸ் தார் ரோடு: புகை குறையும்ங்கறாங்க, ரோடு தாங்குமா?

கீரனூர்க்காரி:

வணக்கம் எல்லாருக்கும். கொஞ்சம் பெரிய பதிவாப் போயிடும், பொறுத்துக்கோங்க.

நான் கீரனூர் பக்கத்துல ஒரு ஊராட்சில வார்டு மெம்பர். எங்க ஊருக்கு மேக்கால ஒரு கிலோமீட்டருக்குள்ளயே ஒரு தார் பிளாண்ட் இருக்கு. ராத்திரில ஓட்ட ஆரம்பிச்சா விடியற வரைக்கும் அந்த நாத்தம் வீட்டுக்குள்ளயே நிக்கும், ஆடிக் காத்து அடிக்கிறப்ப கேக்கவே வேணாம், துணி காயப்போட முடியாது, புள்ளைங்க போர்வையால மூக்கைப் பொத்திக்கிட்டுத்தான் தூங்குதுங்க. போன மாசம் நாலு பேரா சேர்ந்து பேசப் போனோம். அங்க இருந்தவர் மரியாதையாத்தான் பேசுனார், "அடுத்த வேலைலேர்ந்து வார்ம் மிக்ஸுக்கு மாறுறோம்மா, முப்பது டிகிரி சூட்டைக் குறைச்சு ஓட்டுவோம், புகையும் குறையும், டீசலும் மிச்சம், சுற்றுச்சூழலுக்கு நல்லது"ன்னார். எங்க ஊரு லிங்க் ரோடு ரெண்டரை கிலோமீட்டரும் அதே மிக்ஸ்லதான் போடப்போறாங்களாம். எஸ்டிமேட்ல 30 மில்லிமீட்டர் பி.சி.ன்னு (பிட்டுமினஸ் கான்க்ரீட், மேல்தளத் தார்க் கலவை) போட்டிருக்கு, அகலம் 3.75 மீட்டர்.

வீட்ல வந்து அப்பாகிட்ட சொன்னேன். அவர் முப்பது வருசம் ரோட்டு வேலை பார்த்தவர், ட்ரம்முல தாரைக் காச்சி, காலுக்குச் சாக்கு சுத்திக்கிட்டு ஜல்லி மேல ஊத்துன காலத்து ஆளு. "சூடு இல்லாத தார் கல்லைப் புடிக்காதும்மா, ஒரு மழை தாங்காது"ன்னுட்டார். அவருக்கு இப்ப மூச்சிரைப்பு இருக்கு, தார்ப் புகையாலதான்னு என்னால சொல்ல முடியாது, பீடியும் குடிச்சவர்தான், ஆனா அந்தப் புகைலயே முப்பது வருசம் நின்னவர்ங்கறது எனக்கு மனசுல கெடக்கு. அதனால எனக்கு ரெண்டும் முக்கியம், புகையும் குறையணும் ரோடும் நிக்கணும். இந்த வார்ம் மிக்ஸ் நெசமாவே சுற்றுச்சூழலுக்கு நல்லதா, இல்ல பேருக்குச் சொல்றதா? தெரிஞ்சவங்க சொல்லுங்க, கிராமசபைல நான் பதில் சொல்லியாகணும்.

ஜல்லியும் தாரும்:

மேடம் வணக்கம், நான் தார் பிளாண்ட்ல குவாலிட்டி கன்ட்ரோல் பாக்குறேன், பதினாலு வருசமா இதே வேலை, மூணு பிளாண்ட் மாறியாச்சு. உங்க அப்பா சொன்னது அவர் காலத்துக்கு நூறு சதவீதம் சரி. அதுலேர்ந்தே ஆரம்பிக்கிறேன்.

மார்கழில தேங்கா எண்ணெய் உறைஞ்சு போய் ஸ்பூன்ல சொரண்டி எடுக்குறோம்ல, பிட்டுமெனும், அதாவது நாம தார்னு சொல்றதும், அந்த மாதிரிதான், சூடு குறைஞ்சா கெட்டி. கெட்டியா இருந்தா ஜல்லி மேல முழுசா படியாது, ரோலர் ஓட்டுனாலும் அமுங்காது. அதனாலதான் சாதா ஹாட் மிக்ஸ்ல விஜி-30ங்கற வகைத் தாருக்கு 150லேர்ந்து 165 டிகிரி வரைக்கும் வச்சு கலக்குறோம். வார்ம் மிக்ஸ்னா சூட்டை மட்டும் குறைக்கிறது இல்ல, வேற ஒரு வழில தாரை இளக்கிட்டு அப்புறம் சூட்டைக் குறைக்கிறது, 120, 130 வாக்குல கலக்கலாம். அந்த வேற வழி இல்லாம பர்னரை மட்டும் குறைச்சு ஓட்டுனாங்கன்னா அது வார்ம் மிக்ஸ் இல்ல, வேகாத மிக்ஸ். இதை மொதல்ல மனசுல வச்சுக்கோங்க.

வழி எத்தனையோ இருக்கு. ஒண்ணு, நுரை. சூடான தார்ல ரொம்பக் கொஞ்சமா தண்ணியைப் பீச்சுனா அது ஆவியாகி ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல பெருகும், தார் தோசைமாவு மாதிரி பொங்கிக்கும், அந்தப் பொங்குன நேரத்துல ஜல்லியைச் சுத்தி ஈசியா பூசிக்கும். சியோலைட்னு ஒரு பவுடர் போட்டாலும் அதே வேலைதான், அந்தப் பவுடருக்குள்ள தண்ணி அடைஞ்சிருக்கும், சூடுபட்டா மெல்ல மெல்ல விடும். இன்னொண்ணு மெழுகு, 100 டிகிரி சுமாருக்கு உருகி தாரை இளக்கும், ஆறுனதும் இறுகிடும். மூணாவது கெமிக்கல், சோப்பு மாதிரி வேலை செய்யறது, தாரும் கல்லும் ஒட்டற எடத்துல போய் நிக்கும், தாரோட எடைல ஆயிரத்துல ஒரு பங்கு ரெண்டு பங்கு போட்டாலே போதும். நம்ம ஊர்ல நான் பார்த்தது பெரும்பாலும் இந்த மூணாவதுதான், ஏன்னா பிளாண்ட்ல எதையும் மாத்தவேண்டியதில்ல, தார் டேங்க்ல ஊத்திக் கலக்குனா முடிஞ்சது. ரோட்டு வேலைக்கு விதிமுறை வகுக்கற இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் அமைப்பு இதுக்குன்னே எஸ்பி 101னு தனி கைடுலைன் 2014லயே போட்டுட்டாங்க, 2019ல திருத்தியும் போட்டாங்க, அதனால இது யாரோ புதுசா கண்டுபுடிச்சு உங்க ஊர்ல சோதனை பண்றது இல்ல.

இப்ப மிச்சம் எவ்வளவுன்னு பாப்போம், நான் கையால போட்டுப் பார்த்த கணக்கு. ஒரு டன் ஜல்லியை 30 டிகிரிலேர்ந்து 160 வரைக்கும் சூடாக்க சுமார் 117 மெகாஜூல் ஆகும், 130 வரைக்கும்னா 90. மிச்சம் 27. பர்னர்ல வீணாப் போறதையும் சேர்த்துப் பார்த்தா டன்னுக்கு முக்கால் லிட்டர், மிஞ்சிப்போனா ஒரு லிட்டர் ஃபர்னஸ் ஆயில். சாதாரணமா டன்னுக்கு ஆறு ஏழு லிட்டர் குடிக்கற எடத்துல இது பெருசுதான்.

ஆனா மேடம், இதே கணக்குல இன்னொரு விஷயம் இருக்கு, யாரும் வெளில பேசமாட்டாங்க. ஜல்லில ஒரு சதவீதம் ஈரம் இருந்தா டன்னுக்கு பத்து கிலோ தண்ணி. அந்தப் பத்து கிலோவை ஆவியாக்க 26 மெகாஜூல் போகும். பாருங்க, முப்பது டிகிரி குறைச்சு மிச்சம் பண்றதும் ஜல்லில ஒரு சதவீதம் ஈரத்தைக் குறைக்கிறதும் கிட்டத்தட்ட ஒண்ணு! மழைக்காலத்துல டஸ்ட் குவியல், அதாவது கல்தூள், ஆறு ஏழு சதவீதம் ஈரத்தை இழுத்து வச்சிருக்கும், கலந்து பார்த்தா மொத்தமா நாலு அஞ்சு சதவீதம், அப்ப கல்லைச் சூடாக்குற செலவுக்குச் சமமா தண்ணியை விரட்டவே எரிக்கிறோம். குவியலுக்கு மேல ஒரு தகரக் கொட்டகை, கீழ தண்ணி வடியற மாதிரி சரிவா ஒரு சிமெண்ட் தளம், அவ்வளவுதான் வேணும். நான் இருந்த மூணு பிளாண்ட்லயும் இதைச் சொல்லிச் சொல்லி ஒரே ஒரு எடத்துலதான் போட்டாங்க. போட்ட எடத்துல புரட்டாசி ஐப்பசி ஆயில் பில்லு கண்ணுக்குத் தெரிய எறங்குச்சு. உங்க ஊர் பிளாண்ட்ல வார்ம் மிக்ஸ்னு சொல்றவங்க டஸ்ட்டை மூடி வச்சிருக்காங்களான்னு போய்ப் பாருங்க, அங்கயே பாதி பதில் கெடைச்சிடும்.

பெருந்துறை கான்ட்ராக்ட்:

அம்மிணி, நானும் ரோடு போடறவன்தானுங்க, இருபது வருசத்துக்கு மேல ஆச்சு. மேல தம்பி சொன்னது எல்லாம் சரியானது, ஆனா ஒண்ணு விட்டுப்போட்டார்.

சூட்டைக் குறைச்சா ஜல்லிக்குள்ள இருக்கற ஈரம் முழுசா போறதில்லைங்க. மேல காஞ்ச மாதிரி இருக்கும், உள்ள ஓட்டைல இருக்கும். அது மேல தார் பூசிட்டா அன்னைக்குப் பளபளன்னுதான் இருக்கும், மொத ஐப்பசி மழைக்குத் தண்ணி உள்ள போய் தாரைக் கல்லுலேர்ந்து உரிச்சுப்போடும். நம்ம பக்கம் கல்லு எல்லாம் கிரானைட், சார்னோகைட் வகை, அதுல சிலிக்கா சாஸ்தி, தாரைவிடத் தண்ணி மேலதான் அதுக்குப் பாசம். சுண்ணாம்புக்கல்லா இருந்தா தாரை விடாது. அதனால உங்க அப்பா ஒரு மழை தாங்காதுன்னு சொன்னாருன்னா கை அனுபவத்துல சொல்லியிருக்கார், தள்ளிவிடாதீங்க.

இதுக்கு மருந்து இல்லாம இல்ல. மொத்தக் கல்லு எடைல ரெண்டு சதவீதம் நீத்த சுண்ணாம்பு சேர்த்தா ஒட்டும். அந்தக் கெமிக்கல் வகையும் தண்ணிக்குத் தாங்கும்படிதான் வருது. டெஸ்ட்டும் இருக்கு, மாதிரி உருளை செஞ்சு பாதியைத் தண்ணில ஊறவச்சு பாதியைக் காய வச்சு ரெண்டையும் ஒடைச்சுப் பாக்கறது, ஊறுனது காஞ்சதோட பலத்துல 80 சதவீதமாவது நிக்கோணும். டி.எஸ்.ஆர்.ன்னு சொல்லுவாங்க. அந்த ரிப்போர்ட்டைக் கேளுங்க, பிளாண்ட்ல ஓட்டப்போற அதே கல்லு அதே கெமிக்கல்ல செஞ்சதா இருக்கோணும், கெமிக்கல் விக்கறவங்க கொடுத்த நோட்டீசு பத்தாது.

இன்னொண்ணு மனசுல பட்டதைச் சொல்லிப்போடறேன். நான் நாலு வருசம் முன்னாடி ஒரு வேலைல இதைப் பண்ணலாம்னு கேட்டேன். ரேட்டுல எடமில்ல, ஹாட் மிக்ஸ் ரேட்டுதான் தருவோம்னுட்டாங்க. கெமிக்கல் காசு என் கையிலிருந்து போகும், ஆயில் மிச்சத்துல அது ஈடாகும்னு சொல்றாங்க, டஸ்ட் ஈரமா இருந்தா ஈடாகாது. நல்லது பண்றவனுக்கு ஒரு ரூவா கூடக் கெடைக்காதுன்னா எத்தனை பேரு பண்ணுவான்? புகையைக் குறைச்சதுக்குன்னு டெண்டர்ல ஒரு மார்க் இருந்தா நாளைக்கே நாங்க எல்லாரும் மாறிப்போடுவோம்.

ஒஸ்லோ றோட்டுக்காரன்:

வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்ப நோர்வேயில இருக்கிறன், பதினொரு வருசமா அஸ்ஃபால்ட் போடுற வேலைதான். பெருந்துறை அண்ணை கேட்ட கேள்விக்கு இஞ்சத்தைய கதையைச் சொல்லலாம் எண்டுதான் எழுதுறன்.

இஞ்ச இதை லாவ்தெம்பராத்தூர்-அஸ்ஃபால்ட் எண்டு சொல்லுவினம், குறைஞ்ச சூட்டுத் தார் எண்டுதான் அர்த்தம். நுரை முறையில ஒண்டு இஞ்சயே தொண்ணூறுகளில தொடங்கினதுதான், நோர்வே கொம்பனி ஒண்டும் ஷெல்லும் சேர்ந்து செய்தது, முதல்ல இளகின தாரைக் கல்லில பூசிப்போட்டுப் பிறகு கெட்டித் தாரை நுரைக்கப் பண்ணிக் கலக்கிறது. ஆனா கனகாலம் எல்லாரும் பழைய சூட்டிலயேதான் போட்டுக்கொண்டிருந்தவை. மாறினது எப்பிடியெண்டா, றோட்டு டிப்பார்ட்மென்ட் காசில கை வைச்சாப் பிறகுதான். குறைஞ்ச சூட்டில போட்டா தொன்னுக்கு இவ்வளவு போனஸ் எண்டு குடுத்தினம், பிறகு டெண்டர் விலையோட கார்பன் கணக்கையும் சேர்த்துப் பார்க்கத் தொடங்கினவை. ஆலையில என்ன எரிக்கிறாய், எவ்வளவு தூரத்தில இருந்து கல் ஏத்துறாய், பழைய அஸ்ஃபால்ட் எவ்வளவு சேர்க்கிறாய், எல்லாத்துக்கும் கணக்குக் குடுக்கோணும். அண்ணை சொன்ன "மார்க்" இதுதான். அதுக்குப் பிறகு மர எரிபொருளில ஓடுற ஆலையளும் வந்திட்டுது.

ஆனா நான் சொல்ல வந்தது கார்பன் இல்லை, மூச்சு. நான் பேவருக்கு, அதாவது தார் விரிக்கிற மெசினுக்குப் பின்னால, அதைச் சமப்படுத்திற ஸ்கிறீட்டில நிக்கிறவன். 165இல வாற லோட் ஒண்டைக் கொட்டேக்க நீலப்புகை எழும்பும், கண் எரியும், பின்னேரம் தலையிடி, வீட்டை போய்க் குளிச்சாலும் தலைமயிரில மணக்கும். 130இல வாற லோட்டில அந்த நீலப்புகையே இல்லை, கொஞ்சம் வெள்ளை ஆவி மட்டும்தான். சுரங்கப்பாதைக்குள்ள வேலை செய்யேக்க இந்த வித்தியாசம் உயிர் மாதிரி. பத்துப் பன்னிரண்டு டிகிரி கூடக்கூட புகை இரண்டு மடங்காகும் எண்டு எங்கட போமன் சொல்லுவார், அது ஒரு கைக்கணக்குத்தான், ஆனா முப்பது டிகிரி குறைஞ்சா எவ்வளவு குறையும் எண்டு என்ர மூக்குக்கே தெரியும். ஜேர்மனியில 2019இலயே தார் ஆவிக்கு ஒரு கன மீட்டர் காத்தில ஒண்டரை மில்லிகிராம் எண்டு எல்லை தீர்மானிச்சவை. அந்த எல்லைக்குள்ள நிக்கிறதெண்டா சூட்டைக் குறைக்காமல் ஏலாது, அதாலதான் அங்க நாடு முழுக்க மாறப் பாக்கினம்.

தங்கச்சி, உங்கட அப்பாவைப் பற்றி எழுதினதை வாசிக்கேக்க எனக்கு மனசு கனத்துப்போச்சு. உலக சுகாதார நிறுவனத்தின்ர புற்றுநோய்ப் பிரிவு 2011இல இதை எடுத்துப் பார்த்தது. றோட்டுத் தார்ப் புகையை "புற்றுநோய் வரக்கூடும்" எண்ட இரண்டு-பி வகையில வைச்சது, கூரைக்குப் போடுற ஒக்சிஜன் ஏத்தின தார் அதைவிட ஒருபடி மேல. பழைய காலத்தில நிலக்கரியில இருந்து எடுத்த உண்மையான தாரும் றோட்டுக்குப் போட்டவை, அது இதைவிட எத்தனையோ மடங்கு நஞ்சு. நாங்கள் தமிழில ரெண்டையும் "தார்" எண்டே சொல்லுறதால குழம்பிப்போறம், இப்ப போடுறது பெற்றோலியத்தில இருந்து வாற பிட்டுமென். அப்பாவை ஒரு நல்ல நெஞ்சு டொக்டரிட்டக் காட்டுங்கோ, என்ன வேலை செய்தவர் எண்டு வடிவாச் சொல்லுங்கோ, பீடியை மட்டும் சொல்லிப்போட்டு வராதையுங்கோ.

வைகைக்கரை:

ரொம்ப நல்ல இழை இது. நான் மதுரைப் பக்கம், பிட்டுமென்லதான் ஆராய்ச்சி பண்ணிட்டிருக்கேன், ரெண்டு விஷயம் சேர்க்கணும்.

ரோடு தாங்குமான்னு அக்கா கேட்டதுக்கு. அமெரிக்காவுல இது சோதனை நெலையைத் தாண்டிப் பல வருசமாச்சு, அங்க போடற மொத்த அஸ்ஃபால்ட்ல பத்துல நாலு பங்கு இந்த வார்ம் மிக்ஸ் டெக்னாலஜிலதான் வருது. பல மாநிலத்துல பக்கத்துப் பக்கத்துல ஹாட்டும் வார்மும் போட்டு வருசக்கணக்கா பின்தொடர்ந்து 2017ல ஒரு பெரிய ரிப்போர்ட் வந்துச்சு, சக்கரத் தடம் விழறதுலயும் வெடிப்புலயும் ரெண்டுக்கும் பெருசா வித்தியாசம் இல்லன்னுதான் முடிவு. ஃபிராங்க்ஃபர்ட் ஏர்போர்ட்ல 2003லேர்ந்து 2005 வரைக்கும் ராத்திரி ராத்திரி கொஞ்சம் கொஞ்சமா ரன்வேயை மெழுகு கலந்த குறைஞ்ச சூட்டு மிக்ஸ்ல மாத்துனாங்க, ஆரம்பச் சூடே குறைவுங்கறதால விடியறதுக்குள்ள தாங்கற அளவுக்கு ஆறிடும், காலைல அது மேலயே விமானம் எறங்குச்சு. அதனால சரியாப் போட்டா தாங்கும், அதுல எனக்குச் சந்தேகம் இல்ல. இன்னொரு லாபமும் இருக்கு, அதிக சூட்டுல தார் அப்பவே கொஞ்சம் முதுமை ஆயிடும், ஆக்சிஜன் ஏறி வெறைச்சுப்போகும், குறைஞ்ச சூட்டுல அந்த முதுமை குறைவு, பிற்பாடு வெடிக்கிறதும் தள்ளிப்போகும். ஆரம்பத்துல கொஞ்சம் எளகலா இருக்கும், நம்ம சித்திரை வெயில்ல லாரித் தடம் விழ வாய்ப்பு உண்டு, அதுக்குத்தான் டிசைன் பண்ணும்போதே டெஸ்ட் பண்ணணும்.

ரெண்டாவது, கார்பன் கணக்கு. ஜல்லி அண்ணா சொன்ன கணக்கையே உங்க ரோட்டுக்குப் போட்டுப் பார்த்தேன் அக்கா. ரெண்டரை கிலோமீட்டர், 3.75 அகலம், 30 மில்லி கனம்னா சுமார் 675 டன் மிக்ஸ். டன்னுக்கு 0.8 லிட்டர் மிச்சம்னா 540 லிட்டர் ஆயில், அதாவது ஒண்ணரை டன்னுக்குக் கொஞ்சம் மேல கார்பன் டை ஆக்சைடு. அதே ரோட்டுல போற தார் எவ்வளவு தெரியுமா, அஞ்சரை சதவீதம்னா 37 டன்! ஜல்லி கிட்டத்தட்ட 640 டன், ஒரு மலையை ஒடைச்சுத்தான் வரணும், புதுக்கோட்டைப் பக்கம் குவாரி குழிங்க எப்படி இருக்குன்னு உங்களுக்கே தெரியும். அதனால சூட்டைக் குறைக்கிறது நல்லது, ஆனா அங்கயே நின்னுடக்கூடாது. பழைய ரோட்டைச் சொரண்டி எடுத்து அதுல இருபது சதவீதம் கலந்தா 135 டன் பழைய பொருள், அதுலயே ஆறு டன் தார் ஒட்டிக்கிட்டு இருக்கும், புதுசா வாங்க வேணாம். நம்ம நாட்டுக்கு வேணுங்கற பிட்டுமென்ல கணிசமான பங்கு கப்பல்ல வருது, அதையும் சேர்த்துப் பாருங்க.

வார்ம் மிக்ஸ் இங்கதான் உண்மையா உதவுது. பழைய தார் வெறைச்சுப் போயிருக்கும், அதை எளக்க இந்தக் கெமிக்கலோ மெழுகோ ஒத்தாசை பண்ணும், புதுத்தார் முதுமையாகாததால ரெண்டும் சேர்ந்து சராசரியா சரியா வரும். ரெண்டையும் தனித்தனியா பார்க்காம ஒண்ணா பார்க்கணும்ங்கறதுதான் என் கருத்து. நம்ம மாநிலத்துலயே 2021ல தலைமைச் செயலாளரா இருந்த இறையன்பு, ரோடு மேல ரோடு போட்டு வீடெல்லாம் பள்ளமாகுது, மேல்தளத்தைச் சொரண்டிட்டுத்தான் போடணும்னு அறிவுறுத்தல் கொடுத்தார். அப்படிச் சொரண்டுனது எங்க போகுது? நான் பார்த்த வரைக்கும் பாதி ஏதோ ஒரு காலி மனைக்கு நெரவலாப் போகுது, அதுல இருக்கற தாரும் ஜல்லியும் அப்படியே மண்ணோட போயிடுது. எனக்கு வயிறு எரியற எடம் இதுதான்.

கீரனூர்க்காரி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ஒஸ்லோ அண்ணா நீங்க எழுதுனதை அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டுனேன், கொஞ்ச நேரம் ஒண்ணுமே பேசல, அப்புறம் "அவங்க ஊர்ல புகைக்கு அளவு வச்சிருக்காங்களா"ன்னு மட்டும் கேட்டார். அடுத்த வாரம் தஞ்சாவூர் கூட்டிட்டுப் போறேன்.

இன்னொரு சந்தேகம். எங்க ஊராட்சில பிளாஸ்டிக் தனியாப் பிரிச்சு வச்சிருக்கோம், மகளிர் குழு அக்காங்க கஷ்டப்பட்டு சேர்த்தது, மூட்டை மூட்டையா கெடக்கு. அதை இந்த ரோட்டுல போடச் சொல்லிக் கேக்கலாம்னு நெனச்சிருந்தோம். பிளாஸ்டிக்கும் வார்ம் மிக்ஸும் சேர்ந்து போடலாமா? எது பெட்டர்?

வைகைக்கரை:

அக்கா, பிளாஸ்டிக் ரோடு எங்க ஊர்ல பொறந்ததுதான், தியாகராசர் பொறியியல் கல்லூரி வேதியியல் பேராசிரியர் வாசுதேவன் பண்ணுனது, சென்னை நுங்கம்பாக்கம் ஜம்புலிங்கம் தெருவுல 2002லயே போட்டாங்க, அவருக்கு 2018ல பத்மஸ்ரீ கொடுத்தாங்க. அவர் முறை என்னன்னா சூடான ஜல்லி மேல துண்டு துண்டா வெட்டுன பிளாஸ்டிக்கைத் தூவுறது, அது உருகி கல்லு மேல ஒரு பூச்சா ஒட்டிக்கும், அதுக்கப்புறம் தார் ஊத்துறது. தாரோட எடைல ஆறுலேர்ந்து எட்டு சதவீதம் வரைக்கும் போடலாம். கிரானைட் கல்லுல தண்ணி போய்த் தாரை உரிக்குதுன்னு பெருந்துறை ஐயா சொன்னாரே, அந்தப் பூச்சு அதுக்கும் நல்ல தடுப்பு.

ஆனா அந்தப் பூச்சு விழணும்னா ஜல்லி 160 டிகிரி பக்கத்துல இருக்கணும். 120, 130ல பாதி பிளாஸ்டிக் உருகாம தனியா நிக்கும், ரோட்டுல அது பலவீனம்தான். அதனால இந்த ரெண்டும் ஒண்ணையொண்ணு இழுக்குது, ஒரே ரோட்டுல ரெண்டையும் அப்படியே சேர்க்காதீங்க. எது பெட்டர்னு கேட்டா, நெசமா சொல்றேன், உங்க ஊருக்கு பிளாண்ட் பக்கத்துலயே இருக்கறதால, மூச்சு விடற பிரச்சினை மொதல்ல இருக்கறதால, நான் வார்ம் மிக்ஸைத்தான் சொல்லுவேன். பிளாஸ்டிக் மூட்டைகளை வேற ஹாட் மிக்ஸ் வேலைக்குக் கொடுங்க, அதுல பி.வி.சி. பைப்பு துண்டு, ஃபிளெக்ஸ் பேனர் எதுவும் கலந்திருக்கக்கூடாது, சூட்டுல ஹைட்ரஜன் குளோரைடுங்கற அமில வாயு கிளம்பும், அக்காங்ககிட்ட கண்டிப்பா சொல்லுங்க.

ஜல்லியும் தாரும்:

மேடம், கிராமசபைல என்ன கேக்கறதுன்னு தனியாக் கேட்டிருந்தீங்க, இங்கயே சொல்லிடறேன், மத்தவங்களுக்கும் உதவும். எந்த முறை, எந்தக் கெமிக்கல், எவ்வளவு அளவுன்னு எழுத்துல கேளுங்க. பெருந்துறை அண்ணன் சொன்ன அந்த 80 சதவீத ரிப்போர்ட் கேளுங்க. வேலை நடக்கற அன்னைக்கு லோடு வந்ததும் மிக்ஸுக்குள்ள குத்துற தெர்மாமீட்டர் அவங்ககிட்டயே இருக்கும், மேல காட்டற லேசர் வகை இல்ல, உள்ள குத்துறது, அதைப் பாக்கணும்னு சொல்லுங்க, பாக்க உரிமை இருக்கு. எழுதிக் கொடுத்த சூட்டைவிட ரொம்பக் கீழ இருந்தாலும் தப்பு, 160ல வந்தாலும் தப்பு. ரெண்டாவது சொன்னது பலபேருக்குப் புரியறதில்ல, கெமிக்கலும் போட்டுட்டு பயத்துல பழைய சூட்டுலயே ஓட்டுறாங்க. அப்ப ரோடு நல்லாத்தான் வரும், ஆனா புகை ஒரு துளி குறையாது, ஆயிலும் மிச்சம் இல்ல, உங்க ஊருக்கு வந்த லாபம் என்ன? மேஸ்திரிங்களை நான் குறை சொல்லல, கை பழகுன சூடு அது, குறைச்சா ரோலர்காரர் திட்டுவாரோன்னு பயம், ரெண்டு மூணு லோடு அமுங்கறதைக் கண்ணால பார்த்தாத்தான் நம்புவாங்க.

நாத்தத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கு. தார் டேங்க்ல ராத்திரி முழுக்க தேவையில்லாம 170, 180ல கொதிச்சுக்கிட்டு இருந்தாலும் நாறும், டிப்பர்ல டீசல் அடிச்சு லோடு ஏத்துனாலும் நாறும், தூசு புடிக்கற துணிப்பை, பேக் ஃபில்டர், கிழிஞ்சிருந்தா தூசு வரும். வார்ம் மிக்ஸ் வந்துட்டா இது எல்லாம் தானா சரியாகாது, ஒவ்வொண்ணா கேக்கணும்.

கீரனூர்க்காரி:

நேத்து மறுபடி பிளாண்டுக்குப் போனோம், இந்தத் தடவை அப்பாவும் வந்தார். டஸ்ட் குவியல் வானம் பார்த்துதான் கெடக்கு, முந்தாநாள் மழைல அடில தண்ணி தேங்கி நிக்குது, கையில எடுத்துப் புடிச்சா உருண்டையா நிக்குது அவ்வளவு ஈரம். ஜல்லி அண்ணா கணக்கை பிளாண்ட்காரர்கிட்ட அப்படியே சொன்னேன், ஒரு சதவீதம் ஈரமும் முப்பது டிகிரியும் ஒண்ணுன்னு. அவர் கொஞ்சம் அசந்துட்டார், போன் எடுத்து யார்கிட்டயோ பேசிட்டு, கொட்டகைக்குக் கொட்டேஷன் வாங்கறேன், அதுவரைக்கும் தார்ப்பாய் போடறேன்னார். தார்ப்பாய் சாயங்காலமே வந்துடுச்சு, நானே பார்த்தேன். டி.எஸ்.ஆர். ரிப்போர்ட் இன்னும் இல்ல, பத்து நாள் கேட்டிருக்கார். கெமிக்கல் பேரும் அளவும் எழுதிக் கொடுத்துட்டார்.

அப்பா அங்க பர்னர் ஓட்டற தம்பிகிட்ட ரொம்ப நேரம் நின்னு பேசிக்கிட்டிருந்தார். வர்ற வழில, "அந்தத் தம்பி மூக்குல ஒரு துணிகூட இல்லாம நிக்கிறான்ம்மா, அதையும் எழுதிக் கேளு"ன்னார். எழுதிட்டேன்.

கடைசியா ஒண்ணு, வேலை புரட்டாசி கடைசில ஆரம்பிக்கலாம்ங்கறாங்க. ஐப்பசி மழை பொறந்துடுமேன்னு பயமா இருக்கு. வார்ம் மிக்ஸ்னா மழைக்கு நடுவுல போட்டாலும் பரவால்லன்னு ஒருத்தர் சொல்றார், நெசமா?

பெருந்துறை கான்ட்ராக்ட்:

இல்லைங்க அம்மிணி, அதை நம்பாதீங்க. காத்துக்கும் மிக்ஸுக்கும் சூட்டு வித்தியாசம் கம்மிங்கறதால வார்ம் மிக்ஸ் மெதுவா ஆறும், தூரத்துலேர்ந்து லோடு வந்தாலும் ரோலர் ஓட்ட நேரம் கெடைக்கும், அது குளுருக்கு. மழைக்கு இல்ல. தரை ஈரமா இருந்தா எந்த மிக்ஸும் கீழ ஒட்டாது, ஈரத்துல அடில ஒட்டறதுக்காக அடிக்கற டேக் கோட்டே புடிக்காதுங்க. அதுவும் 30 மில்லி கனம்னா சீக்கிரம் ஆறிப்போயிடும், மழைத்தூறல்ல பேவர் ஓட்டுனா ரோலர் வர்றதுக்குள்ள செத்துப்போயிடும்.

புரட்டாசி மொத வாரத்துக்கு முன்னாடி முடிக்கச் சொல்லுங்க, முடியாதுன்னா தை மாசம் போடட்டும். மூணு மாசம் மண்ரோட்டுல போறது கஷ்டம்தான், எனக்குத் தெரியுது. ஆனா ஈரத்துல போட்டு ரெண்டு வருசத்துல பேந்துபோனா மறுபடி 37 டன் தார், மறுபடி அந்தப் பிளாண்ட் உங்க ஊர் மேலதான் ஓடோணும். போட்டு முடிச்சதும் ரோட்டைத் துளைச்சு கோர்ங்கற உருளைத் துண்டு எடுத்துப் பாக்கச் சொல்லுங்க, உள்ள காத்து எட்டு சதவீதத்துக்கு மேல இருக்கக்கூடாது. கோர் எடுக்கற அன்னைக்கு உங்க அப்பாவைக் கூட்டிட்டுப் போங்க, அமுங்கியிருக்கா இல்லையான்னு அவரு கண்ணே சொல்லிப்போடும்.